முதல் கட்டத்தில் இரண்டு

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. ஒளிக்க ஒன்றுமில்லை. பால்காரர் ஊற்றும் பாலை விரலால் தொட்டு நகத்தில் வைத்துப் பார்ப்பேன். தையல்கடையிலிருந்து ஜாக்கெட் வந்தால் மிச்சத் துணி எங்கே என்று கேட்பேன். தேங்காய் வாங்கப் போனால் கடைக்காரர் எடுத்துத் தருவதை ஒதுக்கிவிட்டு, நானாக அடியிலிருந்து ஒன்றை உருவுவேன். "நீ போலீசுல சேர்ந்திருக்கோணும்" என்பார் வீட்டுக்காரர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை எப்படிப் போயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அன்னூருக்கு வெளியே ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட கொட்டகை, உள்ளே தீவனம் கலக்கும் இயந்திரம், ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்த ஆபீஸ் அறை, அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். முதலாளி விவசாயக் குடும்பம். தன் மாடுகளுக்காகத் தீவனம் கலக்க ஆரம்பித்து, அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எங்களுக்கும் எங்களுக்கும் என்று கேட்கக் கேட்க அதுவே தொழிலாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்.

கம்ப்யூட்டரில் இருக்கும் கலவை ஷீட் நான் போட்டது. மக்காச்சோளம் எத்தனை கிலோ, தவிடு எத்தனை, புண்ணாக்கு எத்தனை என்று எடைகளை அடித்தால், மொத்தம் எத்தனை டன் என்று அதுவே கூட்டிக்கொள்ளும். அந்த மொத்தத்தை வைத்து உப்பு எவ்வளவு, தாது உப்பு எவ்வளவு என்று கீழே காட்டும். டன்னுக்குப் பத்துக் கிலோ உப்பு. முன்பெல்லாம் அந்த மொத்தம் அடியில் எங்கோ கிடந்தது. கொட்டகையில் நிற்பவர்களுக்கும் கண்ணாடி வழியாகத் தெரியட்டும் என்று, ஷீட்டின் முதல் கட்டத்துக்கு, இடப்பக்க மேல்மூலைக்கு, அதைக் கொண்டுபோய்க் கொட்டை எழுத்தில் வைத்தேன். வைத்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் எடை பார்க்கப் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். கோயமுத்தூர் டவுன்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், எல்லோருக்கும் பாய். இரண்டு பஸ் மாறி வருவார். அதற்கு முன் வேறொரு தீவனக் கம்பெனியில் பத்து வருஷம் எடை பார்த்தவர். உடம்புக்கு முடியாமல் இரண்டு மாதம் படுத்திருந்தபோது அங்கே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். "இந்த வயசுல இனி யாருங்க எடுப்பாங்க, அண்ணா எடுத்துக்கிட்டாரு" என்று சேர்ந்த அன்றே என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் மட்டும் ஒன்று ஓடியது. நம் தீவனம் போகிற அதே ஊர்களுக்குத்தான் அந்தக் கம்பெனித் தீவனமும் போகிறது. இவர் நிஜமாகவே நின்றுவிட்டாரா, இல்லை யாராவது அனுப்பி வைத்தார்களா?

இப்படி ஒரு நினைப்பை வைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் தப்பாகத்தான் தெரியும். அவர் தராசை இரண்டு தடவை துடைத்துவிட்டு எடை போடுவார். எனக்கு அது நடிப்பாகப் பட்டது. ஒவ்வொரு எடையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அப்புறம் ஆபீசுக்குள் வந்து ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் அடிப்பார். ஷீட்டில் இருக்கிறபோது எதற்குத் தனி நோட்டு என்று எனக்கு மூக்கு வியர்த்தது.

மொத்தத்தை மேலே மாற்றிய மூன்றாவது வாரம், ஒரு தோட்டத்துக்காரர் போன் செய்தார். சினைமாட்டுத் தீவனத்தைச் சின்னக் கலவையாக, ஒன்றே கால் டன் அளவில், அவருக்கென்றே தனியாகக் கலந்து கொடுப்போம். மாடுகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணித் தொட்டிக்கே ஓடுகின்றன என்றார். மிச்சம் இருந்த மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

ஷீட்டைத் திறந்தேன். முதல் கட்டத்தில் 2 என்று இருந்தது. அதன்மேல் போய் நின்றால் நான் போட்ட ஃபார்முலா தெரிய வேண்டும். தெரியவில்லை. வெறும் 2. யாரோ கூட்டலை அழித்துவிட்டு எண்ணை அடித்திருக்கிறார்கள். அப்புறம் என்ன எடை போட்டாலும் ஷீட் அதை இரண்டு டன் என்றேதான் எடுத்துக்கொள்ளும். ஒன்றே கால் டன்னுக்கு இருபது கிலோ உப்பு. வழக்கமான கலவைகள் எல்லாம் ஏறக்குறைய இரண்டு டன் என்பதால் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

ஃபார்முலாவைத் திரும்பப் போட்டேன். கை தவறிப் பட்டிருக்கும் என்று இன்னொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். நான் விடுவேனா? தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை நான் உள்ளே நுழையும்போதே 2. திரும்பப் போட்டேன். அடுத்த வாரமும் நான்கு நாள் சும்மா இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை 2.

கை தவறுவது ஒரே எண்ணாகவா தவறும்? ஒரே கிழமையிலா தவறும்? அதுவும் பார்த்தால் சந்தேகம் வராத எண்ணாக. இது தெரிந்து செய்கிற கை என்று முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு முன்னால் அங்கே இருப்பது இரண்டே பேர். ஒருவர் அண்ணா. அன்றைக்கு அவரே வந்து ஆபீசைத் திறந்து, கம்ப்யூட்டர், தராசு, இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவார். இன்னொருவர் பாய். மத்தியானம் தொழுகைக்குப் போக வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார். முதலாளி தன் தொழிலைத் தானே கெடுப்பாரா? அப்படியானால் மிச்சம் யார்? வெள்ளிக்கிழமை என்றதும் என் மனது எங்கே போயிற்று என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எழுதக் கூசுகிறது. ஆனால் அங்கேதான் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை ஷீட்டைப் பூட்டினேன். பூட்டுகிற வசதி ஷீட்டிலேயே இருப்பது தெரியும், பாஸ்வேர்டு கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் பாய் கதவோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணுமே ஏற மாட்டேங்குதுங்க. சோளத்தைக் கூட வாங்க மாட்டேங்குது."

ஒரு கட்டத்தைப் பூட்டப்போய் நான் மொத்த ஷீட்டையும் பூட்டியிருந்தேன். எந்த எடையையும் அடிக்க முடியவில்லை. இயந்திரம் நின்றது. அண்ணா வந்து, "என்னுங்க அம்மணி, இருக்கறதை ஏனுங்க நோண்டறீங்க" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். அவசரமாகப் பூட்டை எடுத்துவிட்டேன். பாய் அப்போது சிரித்தார், அல்லது சிரித்ததாக எனக்குத் தோன்றியது. அன்றைக்கு முழுக்க என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் போனை எடுத்து வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்வது என்று தேடிப் படித்தேன். விஷயம் இவ்வளவுதான். ஷீட்டில் எல்லாக் கட்டங்களுக்கும் பூட்டுக் குறி முன்பே போட்டுத்தான் வருகிறது, பாஸ்வேர்டு கொடுத்ததும் அத்தனையும் விழுந்துவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஃபார்முலா இருக்கிற கட்டத்துக்கு மட்டும் குறி போட்டுவிட்டு, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். மற்ற கட்டங்களில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், அந்த ஒன்றைத் தொட முடியாது. அன்னூர் வருவதற்குள் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. இரண்டு நிமிட வேலை.

ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். செய்யவில்லை.

பூட்டிவிட்டால் ஆள் உஷாராகிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் என்பது தெரியாமலே போய்விடும். இன்றைக்கு இந்தக் கட்டம், நாளைக்கு வேறு எதில் கை வைப்பாரோ? கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆயிற்று. கட்டத்தைத் திறந்தே வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது என்று திட்டம் போட்டேன்.

வியாழக்கிழமை அண்ணாவிடம் பொடி வைத்துப் பேசினேன். "ஷீட்டுல யாரோ கை வைக்கறாங்கண்ணா. என்ற ஃபார்முலாவை அழிச்சுப்போட்டு வேற நம்பர் போடறாங்க."

"யாருங்க?"

"எனக்குச் சந்தேகம் பாய் மேலதானுங்க."

"அப்படிப்பட்ட ஆளாத் தெரியலீங்களே. செரி, எதுக்கும் பாத்துக்கங்க அம்மணி" என்றார்.

என்ன நம்பர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த 2 எனக்கும் அதை அடித்தவருக்கும் மட்டும்தான் தெரியும், செய்தவர் வாயிலிருந்தே அது வரட்டும் என்று பொத்தி வைத்திருந்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் வரவில்லை. இரண்டாவது பஸ்ஸும் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. முதல் கட்டத்தில் 2. காலையிலேயே ஒரு சினைமாட்டுக் கலவை முடிந்து, மூட்டை தைத்து, அந்தத் தோட்டத்துக்காரர் வண்டியில் ஏற்றிப் போயே போய்விட்டார்.

உடனே போன் செய்து, அதைப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வண்டி போனதா, எத்தனை மூட்டை, யார் ஏற்றினார்கள் என்று விசாரித்துக்கொண்டும், பாயின் நோட்டையும் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டும் இருந்தேன். நோட்டில் எடைகள் எல்லாம் சரியாக இருந்தன. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். தன் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் இந்த நோட்டே வைத்திருக்கிறார் என்று. சாயங்காலம் தோட்டத்துக்காரருக்குப் போன் செய்தபோது அவர் எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை அவரே மூட்டைகளோடு வந்து இறங்கினார். கன்று போட இன்னும் சில நாளே இருந்த இரண்டு மாடுகளுக்கு மடி கல் மாதிரி வீங்கிவிட்டதாம். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு உப்பு ஜாஸ்தி, இந்தத் தீவனத்தை நிறுத்துங்கள் என்றாராம். "நம்பித்தானுங்க உங்ககிட்ட வாங்கறோம். வாயில்லாச் சீவனுக்கு இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கண் கலங்கி நின்றார்.

கொட்டகையில் எல்லோரும் வேலையை விட்டு வந்துவிட்டார்கள். அண்ணா, "யாருங்க அன்னிக்குக் கலவை போட்டது?" என்று கேட்டார். எல்லோருக்கும் தெரிந்த பதில்தான். "நான்தானுங்க. கம்ப்யூட்டர் காட்டுன உப்பைத்தான் எடுத்துக் குடுத்தேன். கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பட்டுது. அம்மணி போட்ட கணக்கு தப்பா இருக்காதுன்னு குடுத்துப்போட்டேன்" என்றார் பாய்.

பழியை என் தலையில் கட்டுகிறார் என்றுதான் எனக்குக் கேட்டது.

"என்ற கணக்கு தப்பில்லீங்க. அதை ஆரோ மாத்தறாங்க. வெள்ளிக்கிழமையானா மட்டும் மாத்தறாங்க. வெள்ளிக்கிழமை இங்கெ வெள்ளென வாரது ஆருங்க?"

பாய் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா தரையைப் பார்த்தார். பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நோட்டுக்குள் வைத்து, நோட்டைத் தராசின் மேல் வைத்தார். தராசு ஏதோ கிராம் காட்டியது.

"நான் அதைத் தொடலீங்க அம்மணி" என்றார். அப்புறம் அண்ணாவிடம், "எடை போடறவன் மேல சந்தேகம் வந்துபோட்டா, அவன் போடற எடையை என்னுங்க பண்ண முடியும்? நான் வாரேனுங்க" என்றார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். தோட்டத்துக்காரர்தான் இரண்டடி பின்னாலேயே போய், "பாய், நில்லுங்க" என்றார். அவர் நிற்கவில்லை.

மறுநாள் கட்டத்தைப் பூட்டினேன். இனிப் பிடிக்க வேண்டிய ஆள் இல்லையே. பஸ்ஸில் படித்தபடியே செய்தேன், இரண்டு நிமிடம்தான் ஆயிற்று. அன்றைக்கு எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது கற்பூர வாசனை. அண்ணா கம்ப்யூட்டர் முன்னால் ஒரு விரலை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். திரையில் ஒரு பெட்டி விழுந்திருந்தது. நீங்கள் மாற்றப் பார்க்கும் கட்டம் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில்.

"ஏனுங்க அம்மணி, இதென்னமோ எழுதிக் காட்டுதுங்க."

"என்னங்கண்ணா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. புள்ளையார் சுழி போட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. "எங்கெ போட்டீங்க?"

"மேலதானுங்க. மூலையில. வெள்ளிக்கிழமை பூசை முடிச்சதும் ஒண்ணு போட்டுப்போடுவேன். எந்தத் தாள் எடுத்தாலும் மொதல்ல சுழி போட்டுத்தானுங்க எழுதிப் பழக்கம். இதுல தமிழ் 'உ' எங்க இருக்குதுன்னு தெரியலீங்க. ரெண்டு போட்டா அதே மாதிரிதானே இருக்குது? அதுதான் ரெண்டு போட்டுருவேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலை காலியாக இருந்த காலத்தில், அங்கே அவ்வப்போது ஒரு 2 கிடக்கும். ஏதோ விரல் பட்டிருக்கும் என்று நானே எத்தனையோ தடவை அழித்திருக்கிறேன். பாய் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். அது எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. வேறு எல்லாம் வந்தது.

அண்ணாவிடம் விளக்கிச் சொன்னேன். அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். "ரெண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் அன்னிக்கே சொல்லியிருப்பனே அம்மணி" என்றார். அவர் என்மேல் கோபப்படவில்லை. தோட்டத்துக்காரருக்கு அவரே போன் செய்து, தப்பு என்னுடையது, பாயுடையது இல்லை என்றார். பாய்க்கும் போன் செய்தார். அவர் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயமுத்தூருக்குப் போனேன். பழைய டவுனில் அவர் வீடு இருக்கும் சந்து எது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தவர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வாங்க அம்மணி, உள்ள வாங்க" என்று மின்விசிறிக்கு நேரே நாற்காலி போட்டார். அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்து வைத்தார். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. புள்ளையார் சுழிக் கதையை நேராகச் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, மன்னிச்சுக்குங்க, நாளைக்கு வேலைக்கு வாங்க, அண்ணாவும் வரச் சொன்னார் என்றேன்.

அவர் சிரித்தார். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார்.

"ரெண்டுங்களா? நான் சுழி போட்டிருந்தா எழுநூத்தி எம்பத்தாறுல்லங்க போட்டிருப்பேன். மாடு உப்புலயே முழுகிப் போயிருக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் டீயைக் காட்டினார். நான் டம்ளரை எடுத்தேன்.

"இப்ப அந்தக் கட்டத்தை ஆரும் தொட முடியாதுங்களா?"

"முடியாதுங்க. அதை மட்டும் பூட்டிப்போட்டேன். எடை எல்லாம் வழக்கம்போல அடிக்கலாமுங்க."

"அன்னிக்கு எல்லாமே நின்னு போச்சுங்களே. ஒண்ணை மட்டும் பூட்டறது எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எடையைப் பற்றிக் கேட்கிற மாதிரி. போன வாரம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். எனக்கு நாக்கு வரவில்லை.

"அது நின்னு போச்சுல்லீங்க, அதுக்கு அடுத்த திங்கக்கிழமையே" என்றேன்.

அவர் மனசுக்குள் நாட்களைக் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் வந்த வெள்ளிக்கிழமையில்தான் அந்தக் கலவை போனது.

"தெரிஞ்சும் ஏனுங்க பூட்டலை?"

"உங்களைப் பிடிக்கோணும்னுங்க" என்றேன்.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"அப்படீன்னா என்னை வேலையை விட்டு அனுப்புனது அண்ணா போட்ட ரெண்டு இல்லீங்க அம்மணி" என்றார்.

தெருமுனை வரை கூடவே வந்து பஸ் எங்கே நிற்கும் என்று காட்டினார். திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு அப்புறமும் வரவில்லை.